பிராமிஸ் கொடுத்தால் பணம் வந்துவிட்டதாக அர்த்தமா?

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிற பயலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதுக்குடா என்று வகுப்பில் இதுவரை நாலு பேர் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக ஒரு பதிவாகப் போட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பேட்டைக்குள் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போய்விடுவேன் :-) காமர்ஸ் மக்கள் பயந்து ஓட வேண்டாம், இதில் கோடு ஒரு வரிகூடக் கிடையாது. புரோநோட்டு, செக், பேரேடு, வாராக்கடன் இதெல்லாம்தான் வரும்.

மேட்டர் இதுதான். ஒரு பட்டியல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இதை அரே என்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேலை செய்ய வேண்டும். அந்த வேலை உடனே முடியாது. எங்கேயோ இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்டு, பதில் வர நேரமாகும். பட்டியல் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. காத்திருப்பு மட்டும் இருந்தாலும் பிரச்சினை இல்லை. இரண்டும் சேர்ந்தால் நல்ல நல்ல ஆட்களே தடுக்கி விழுகிறார்கள். ஏன் விழுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது கம்ப்யூட்டர் புத்தகத்தால் இல்லை, பிசினஸ் லா பேப்பரால்.

முதலில் கொஞ்சம் பூர்வகதை.

1995ல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் கம்பெனிக்காகப் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். வலைப்பக்கத்தில் சின்னச் சின்ன வேலைகள் செய்வதற்கான மொழி. அதற்கு ஒரு கை போதும். இன்றைக்கும் நீங்கள் எழுதுகிற கோடை ஓட்டுவது ஒரு கைதான் (தனியாக ஆள் வைத்துக்கொள்ள வழி உண்டு, அது வேறு கதை). ஒரே ஒரு குமாஸ்தா உள்ள ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியூருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மொத்த ஆபீஸும் நின்றுபோகும். அதனால் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். பதில் வந்தால், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் பிரித்துப் பார்ப்பார். இதுதான் அசிங்க்ரனஸ். சுருக்கமாக அசிங்க். பேரே அசிங்கமாக இருக்கே என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த ஜோக்கை நான் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

1999ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பக்கத்தை முழுசாக மாற்றாமல் பின்னணியிலேயே சர்வரிடம் பேசுகிற வசதியைக் கொண்டுவந்தது. 2005ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்தப் பாணிக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். 2009ல் ரயன் டால் நோட்.ஜேஎஸ் செய்து, ஜாவாஸ்கிரிப்டை உலாவியை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஆக, நம் குமாஸ்தா போடுகிற கடிதங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

போட்ட கடிதத்துக்கு அத்தாட்சியாக ஏதாவது கையில் இருக்க வேண்டுமே? அதுதான் பிராமிஸ். இப்போது பதில் இல்லை, பிறகு தருகிறேன், அதுவரை இந்தச் சீட்டை வைத்துக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். டேனியல் ஃப்ரீட்மன், டேவிட் வைஸ் என்ற இருவர் 1976லேயே இந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில் பயன்படுத்தினார்கள். 1988ல் பார்பரா லிஸ்காவும் லியூபா ஷ்ரிராவும் இதை வைத்து முழுசாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ தரத்துக்குள் இது வந்தது 2015ல். அசிங்க், அவெய்ட் என்ற இரண்டு சொற்களும் 2017ல் வந்தன. அவெய்ட் என்றால், இந்தச் சீட்டு காசாகும்வரை இந்த வேலையை இங்கேயே நிறுத்தி வை, நான் அதுவரை வேறு வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 4. புரோநோட்டு என்றால் என்ன என்று அதில் இருக்கிறது. இன்ன தொகையைத் தருகிறேன் என்று எழுத்தில், நிபந்தனை இல்லாமல் கொடுக்கிற உறுதி. ஜாவாஸ்கிரிப்டின் பிராமிஸ் அவ்வளவு உறுதியானது இல்லை. அது திரும்பியும் வரலாம். அந்த வகையில் அது பின்தேதியிட்ட செக்குக்குக் கிட்டத்து சொந்தம். செக் திரும்பினால் பிரிவு 138. அந்தப் பிரிவைச் சேர்த்த திருத்தச் சட்டமும் 1988தான் என்பது எனக்கு மட்டும் சிரிப்பு வரவைத்த தற்செயல்.

ஒரு பிராமிஸுக்கு மூன்று நிலைதான். நிலுவை, நிறைவேறியது, நிராகரிக்கப்பட்டது. நம் பாஷையில் சொன்னால் வர வேண்டிய பாக்கி, வசூல், வாராக்கடன். வசூலுக்கோ வாராக்கடனுக்கோ போய்விட்ட பிராமிஸ் பிறகு மாறாது.

இப்போது மொத்தப் பதிவுக்கும் சாரமான ஒரு வரியைச் சொல்லிவிடுகிறேன். புரோநோட்டு ரொக்கம் இல்லை. ரொக்க ஏட்டில் புரோநோட்டை வரவு வைக்கிற பையனை எந்த வாத்தியாரும் பாஸ் போட மாட்டார். பட்டியலோடு அசிங்க் வேலை செய்கிறவர்கள் அதைத்தான் செய்துவிடுகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் என்பதால் இல்லை. மொழி அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதால்.

ஏன் கேள்வி கேட்பதில்லை? வருடங்களைப் பாருங்கள். பட்டியலை மேய்வதற்கான ஃபார்ஈச், மேப், ஃபில்டர், ரெட்யூஸ், சம், எவ்ரி எல்லாம் 2009ல் வந்த ஐந்தாம் பதிப்பில் தரத்துக்குள் வந்தவை. பிராமிஸ் 2015. மூத்த பிள்ளைகளுக்குப் பின்னால் பிறந்த தம்பி யார் என்றே தெரியாது. ஃபார்ஈச்சிடம் ஒரு அசிங்க் வேலையைக் கொடுத்தால், அது ஒவ்வொரு ஆளிடமும் போய் வேலையைத் தொடங்கி வைக்கும். ஆளுக்கு ஒரு புரோநோட்டு வாங்கும். வாங்கிய கையோடு கீழே போட்டுவிடும். நமக்கு வந்து சேருவது ஒன்றுமில்லை. அடுத்த வரிக்குப் போய் எல்லாம் முடிந்தது என்று அச்சடித்துவிடும், ஒன்றுகூட முடிந்திருக்காது. நடுவில் ஒரு வேலை தோற்றால், ஃபார்ஈச்சைச் சுற்றி நாம் போட்ட ட்ரை-கேட்ச் வலையில் அது விழாது. வலையைச் சுருட்டி வைத்த பிறகுதான் மீனே வரும். 2020ல் வந்த நோட் 15 முதல், இப்படி யாரும் ஏந்திக்கொள்ளாத நிராகரிப்பு வந்தால் மொத்த புரோகிராமும் நின்றுவிடும். அதற்கு முன்னால் வெறும் எச்சரிக்கை வந்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

மேப் கொஞ்சம் பரவாயில்லை. வாங்கிய புரோநோட்டுகளை வரிசையாக அடுக்கி நம்மிடம் கொடுக்கும். ஆனால் நமக்கு வருவது காசுப் பட்டியல் இல்லை, புரோநோட்டுப் பட்டியல்.

இருப்பதிலேயே ஆபத்து ஃபில்டர்தான். ஒவ்வொரு ஆளையும் பார்த்து ஆமா என்றால் வைத்துக்கொள், இல்லை என்றால் விட்டுவிடு என்பது அதன் வேலை. அசிங்க் கேள்வியைக் கொடுத்தால் அதற்குப் பதிலாக வருவது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை, ஒரு புரோநோட்டு. ஜாவாஸ்கிரிப்டில் எந்த ஆப்ஜெக்டைக் கொண்டுபோய் ஆமாவா இல்லையா என்று கேட்டாலும் ஆமா என்றே கணக்கு. பிராமிஸும் ஒரு ஆப்ஜெக்ட். ஆகவே ஃபில்டர் எல்லோரையும் வைத்துக்கொள்ளும். எவ்ரி எப்போதும் ஆமா சொல்லும். சம், பட்டியலில் ஒரு ஆள் இருந்தாலே ஆமா சொல்லும். ஃபைண்ட் கேட்டால் முதல் ஆளையே காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. சிவப்பு எழுத்து வராது. 

இது வெறும் தியரி இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது.

அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். மொத்தம் 18 பேர். மாதச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் நோட்டில் எழுதுவார்கள். சொந்தக்கார அண்ணன் ஒருவர், நன்றாகப் படித்து வேலையில் இருப்பவர், ஆசையாக ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கையும் போய்ப் பார்த்து, தவணை கட்டாதவர்களை மட்டும் பிரித்து, அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். நல்ல யோசனைதான். அந்த மாதம் கட்டாதவர்கள் மூன்று பேர். செய்தி போனது 18 பேருக்கு.

அந்த 18ல் பூ கட்டி விற்கிற ஒரு பாட்டி உண்டு. அவர் மூன்றாம் தேதியே கட்டிவிட்டார், எப்போதும் முதல் ஆளாகக் கட்டுகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. போனில் ஏதோ வந்திருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப் பையனிடம் காட்டியிருக்கிறார். அவன் நாலு பேர் நிற்கும்போது சத்தமாகப் படித்துவிட்டான், உங்கள் தவணை இன்னும் செலுத்தப்படவில்லை என்று. சாயங்காலம் பாஸ்புக்கோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் மூணாந்தேதியே கட்டிட்டேனே கண்ணு. இந்தா, உங்க அம்மா கையெழுத்து. என்னையப் போயி கட்டலன்னு எழுதிட்டீங்களே."

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டர் தப்பு பாட்டி என்றால் அது ஒரு பதிலா? இந்தக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுக்கும் திட்டத்தை நபார்டு 1992ல் தொடங்கியது. அதன் அடிப்படையே ஈடு இல்லாமல் கொடுப்பது. நிலப் பத்திரம் கிடையாது, நகை கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் நம்புவதுதான் ஈடு. அந்த இடத்தில் ஒழுங்காகக் கட்டின ஆளைக் கட்டாதவர் என்று ஊரறியச் சொல்வது, பேரேட்டில் ஒரு எண்ணை மாற்றி எழுதுகிற மாதிரி சின்ன விஷயம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கோடை வாங்கிப் பார்த்தேன். பார்க்க ரொம்பச் சுத்தமாக இருந்தது. உறுப்பினர்களில், கட்டாதவர்களை, வடிகட்டு. வாய்விட்டுப் படித்தால் தமிழ் மாதிரியே இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இதுல அவெய்ட் எங்க இருக்கு?"

"உள்ளயே இருக்கே, பாரு. கணக்கைப் பார்க்கிற இடத்துல."

"உள்ள இருக்கு சரி. வெளிய யாரு காத்திருக்கா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் அனுப்புவதற்கு முன்னால் சோதித்தும் பார்த்திருக்கிறார். மூன்று பேரை வைத்துச் சோதித்தார், மூன்று பேருமே கட்டாதவர்கள். மூன்று பேரும் பட்டியலில் வந்தார்கள். விடை சரி, வழி தப்பு. இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் டேலி ஆகும், ஆனால் கணக்கு தப்பு. அதே ஜாதி.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு அவெய்ட் ஒட்டவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். ஆகாது. ஃபில்டர் திருப்பித் தருவது ஒரு சாதாரணப் பட்டியல். அதில் காத்திருக்க எதுவுமே இல்லை. சரியான வழி இரண்டு படி. முதலில் மேப் போட்டு எல்லோருடைய புரோநோட்டுகளையும் வாங்கு. அதை பிராமிஸ்.ஆல் என்பதிடம் கொடுத்துக் காத்திரு, எல்லாம் காசாகி ஒரு பட்டியலாக வரும். பிறகு அந்தக் காசுப் பட்டியலை, அசிங்க் எதுவும் இல்லாமல், வடிகட்டு. முதலில் வசூல், பிறகு தீர்மானம். இவ்வளவுதான் திருத்தம். இதில் ஒரு நல்ல விஷயம், யாருடைய பதில் முதலில் வந்தாலும் வரிசை மாறாது. நீங்கள் கொடுத்த பட்டியலில் ஐந்தாவது ஆளின் பதில் ஐந்தாவது இடத்திலேயே இருக்கும்.

காமர்ஸ் ஆட்களுக்குப் பிடித்த இன்னொரு குழியைக் காட்டுகிறேன். மொத்த வசூலைக் கூட்ட வேண்டும். மொத்தம் என்று ஒரு இடம், ஆரம்பத்தில் பூஜ்யம். மூன்று பேர், ஆளுக்கு 500 ரூபாய். மேப்புக்குள் ஒவ்வொருவருக்கும், மொத்தத்தோடு அவர் தொகையைக் காத்திருந்து கூட்டு என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். பிராமிஸ்.ஆல் போட்டு ஒழுங்காகக் காத்திருக்கவும் செய்கிறார்கள். விடை 1500 வர வேண்டும். வருவது 500.

ஏன்? அந்த வரி முதலில் மொத்தத்தைப் படிக்கும், பூஜ்யம். பிறகு தொகைக்காகக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் இரண்டாம் ஆளின் வேலை தொடங்கி அதுவும் மொத்தத்தைப் படிக்கும், அதுவும் பூஜ்யம். மூன்றாவதும் அப்படியே. பதில்கள் வந்த பிறகு மூன்று பேரும் பூஜ்யத்தோடு 500ஐக் கூட்டி, ஒருத்தர் எழுதியதன் மேல் இன்னொருத்தர் எழுதுகிறார்கள். மூன்று குமாஸ்தாக்கள் ஒரே பேரேட்டின் பழைய இருப்பைத் தனித்தனித் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு போய், திரும்பி வந்து எழுதினால் என்ன ஆகுமோ அதுதான். ஒரே கைதானே, இப்படி நடக்காது என்பவர்களுக்கு: ஒரே கைதான், ஆனால் அவெய்ட் போட்ட இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போகிறது. வழி அதேதான். முதலில் எல்லாத் தொகையும் கைக்கு வரட்டும், பிறகு ரெட்யூஸ் போட்டு ஒரே மூச்சில் கூட்டு.

சரி, காத்திருக்கணும் என்பது புரிந்துவிட்டது. எப்படிக் காத்திருப்பது? இதைக் கம்ப்யூட்டர் கேள்வி என்று நினைத்தேன். இல்லை, வியாபாரக் கேள்வி. மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதல் கேள்வி: வரிசை முக்கியமா? ஒரே ஆளின் கணக்கில் முதலில் வட்டியைக் கழித்து, பிறகு அசலைக் கழிக்க வேண்டும் என்றால் ஒன்று முடிந்துதான் அடுத்தது. அதற்கு ஃபார்-ஆஃப் என்ற பழைய சுற்று இருக்கிறது. ஒரு அசிங்க் வேலைக்குள் அதைப் போட்டு, சுற்றுக்குள் அவெய்ட் போட்டால், ஒவ்வொருவராக நின்று நிதானமாகப் போகும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தப்பு செய்யாது. பட்டியலே துண்டு துண்டாக வருகிறது என்றால், அதாவது வங்கிக் கணக்கு ஒவ்வொரு பக்கமாக வருகிற மாதிரி, 2018ல் வந்த ஃபார்-அவெய்ட்-ஆஃப் இருக்கிறது. 2023, 2024ல் உலாவிகளில் அரே.ஃப்ரம்அசிங்க் என்றும் ஒன்று வந்தது. அதுவும் ஒவ்வொன்றாகத்தான் காத்திருக்கும். பிராமிஸ்.ஆல் மாதிரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் என்று நினைத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: ஒன்று தோற்றால் மற்றதை என்ன செய்வது? பிராமிஸ்.ஆல் கறாரான ஆள். 18 புரோநோட்டில் ஒன்று திரும்பினாலும் மொத்தமும் நிராகரிப்பு என்று சொல்லிவிடும். மற்ற 17 பேரின் பதிலும் நம் கைக்கு வராது. அதே சமயம் அந்த 17 வேலையும் நின்றுவிடாது என்பதைக் கவனியுங்கள். தபாலில் போட்ட கடிதம் போட்டதுதான். கட்டாதவர் பட்டியல் போடும்போது இந்தக் கறார் சரி. பாதித் தகவலை வைத்து யாரையும் கட்டாதவர் என்று சொல்லக் கூடாது. ஆனால் செய்தி அனுப்பும்போது ஒருவரின் நம்பர் தப்பு என்பதற்காக மற்றவர்களின் விவரத்தை இழக்க வேண்டாமே? அதற்கு 2020ல் வந்த பிராமிஸ்.ஆல்செட்டில்டு. அது எல்லோரும் முடியும்வரை காத்திருந்து, ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கும். இவர் நிறைவேறியது, தொகை இவ்வளவு. இவர் நிராகரிப்பு, காரணம் இது. நாம் கடனாளிகள் பட்டியல் தயாரிப்பது மாதிரியேதான். ஆனால் ஒன்று, இது எப்போதும் வெற்றி மாதிரியே முடியும். அந்தப் பட்டியலைப் பிரித்து நிராகரிப்பு எத்தனை என்று நீங்கள் பார்க்காவிட்டால் வாராக்கடனைப் பாயின் கீழே தள்ளினதாக அர்த்தம்.

இதில் இன்னொரு நுணுக்கம். நிராகரிப்பு என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. நடந்து முடிந்து, நடந்தது என்கிற பதில் வழியில் தொலைந்திருக்கலாம். கைபேசியில் பணம் அனுப்பி நிலுவை என்று வந்து, டீக்கடையில் நின்றபடி போச்சா போகலையா என்று முழித்தவர்களுக்கு இது புரியும். அதனால் தோற்றதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பினால் ஒரே ஆளிடம் இரண்டு முறை கழித்துவிடுவீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் எதிர்ப்பக்கம் கண்டுகொள்ளாமல் விடும்படி செய்வதுதான் இதற்கு வழி. செக் நம்பர் எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரே செக் இரண்டு முறை பாஸாகாது.

மூன்றாவது கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை? 18 பேர் என்றால் கவலை இல்லை. விஷயம் தெரிந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் மற்ற குழுக்களும் கேட்டார்கள். சேர்த்துப் பார்த்தால் 240 பேர். ஒரு ஆளுக்கு அரை வினாடி என்று வைத்தால், ஒவ்வொருவராகப் போக 120 வினாடி. எல்லோரையும் ஒரே அடியாக அனுப்பினால் எதிர்ப்பக்க சர்வர், தம்பி கொஞ்சம் பொறு என்று 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். 2012ல் இதற்கென்றே வைத்த எண் அது. உலாவிகளும் பழைய எச்டிடிபி 1.1 வழியில் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புக்கு மேல் திறப்பதில்லை, மற்றவை வரிசையில் நிற்கும்.

நடுவழி ஒன்று உண்டு, ஒரு நேரத்தில் ஐந்து பேர். 24 வினாடியில் முடிந்துவிடும். இதிலும் இரண்டு விதம். ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஐந்து பேரும் முடிந்த பிறகு அடுத்த ஐந்து என்று போகலாம். எளிது, ஆனால் ஐந்தில் ஒருவர் தாமதமானால் மற்ற நாலு இடமும் சும்மா இருக்கும். இன்னொன்று, ஐந்து கவுன்ட்டர், ஒரே க்யூ. எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே அடுத்த ஆள். கோடில் இது பெரிய வித்தை இல்லை. ஐந்து அசிங்க் வேலைகளைத் தொடங்கி, ஐந்துக்கும் பொதுவாக ஒரு டோக்கன் எண் வைத்தால் போதும். ஒவ்வொன்றும் அடுத்த டோக்கனை எடுக்கும், முடிக்கும், திரும்ப எடுக்கும். டோக்கன் எடுக்கிற இடத்தில் அவெய்ட் வரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நடுவில் பேனாவைக் கீழே வைக்காதவரை ஒரே டோக்கன் இரண்டு பேருக்குப் போகாது.

நாங்கள் கடைசியில் போட்டது இதுதான்: கணக்கைப் பார்ப்பது ஐந்து கவுன்ட்டரில், கறாராக, ஒரு கணக்கைப் படிக்க முடியாவிட்டாலும் பட்டியலே வெளியே வராது. செய்தி அனுப்புவது ஆல்செட்டில்டு மூலம், அதிலும் ஐந்து ஐந்தாக. இரண்டுக்கும் நடுவில் பட்டியல் அம்மா கைக்கு வரும், அவர் நோட்டோடு ஒத்துப்பார்த்துச் சரி என்று அழுத்தின பிறகே செய்தி போகும். அந்தக் கடைசிப் படியை அண்ணன் தேவையில்லை என்றார். அம்மா விடவில்லை. பாட்டி வீட்டுக்கு அம்மாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், அது எந்த அவெய்ட்டாலும் ஆகிற வேலை இல்லை.

சோதனைக்கும் ஒரு வழி சொல்கிறேன். கட்டினவர், கட்டாதவர், கணக்கே திறக்காதவர் என்று மூன்று விதமும் கலந்த பட்டியலை வைத்துச் சோதியுங்கள். பதில் வர வேண்டுமென்றே தாமதமாகிற மாதிரி, முதல் ஆளுக்கு அதிக நேரமும் கடைசி ஆளுக்குக் குறைந்த நேரமும் வைத்துப் பாருங்கள். உடனே பதில் வருகிற இடத்தில் பல தப்புகள் வெளியே தெரியாது. டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், காத்திருக்காமல் கைவிட்ட பிராமிஸை மோப்பம் பிடிக்கிற ஈஎஸ்லின்ட் விதிகளைப் போட்டுக்கொள்ளலாம். உள்தணிக்கை மாதிரி அது. மாட்டிவிடும் என்று கோபம் வரும், மாட்டிவிடுவதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

வேறு யாருடைய கோடைப் படித்தாலும் இப்போது என் கண் முதலில் போவது ஃபார்ஈச், ஃபில்டர், எவ்ரி, சம் இவற்றின் அடைப்புக்குள்ளே. அங்கே அசிங்க் என்ற சொல் இருந்தால் பென்சிலால் ஒரு வட்டம். அப்புறம் ஒரே கேள்வி: இந்த புரோநோட்டு யார் கையில் இருக்கிறது, யார் போய் வசூல் செய்வார்கள்? பதில் சொல்ல ஆள் இருந்தால் வட்டத்தை அழித்துவிடலாம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் தேர்வில் பிராமிஸ்.ஆல் பற்றி எழுதி மார்க் போனால் கம்பெனி பொறுப்பல்ல :-)